பிலோமினாவின் மூச்சுப் படமும், உன்மேல் நான் சொன்ன பழியும்

என் நேசத்துக்குரிய சவரி மச்சான்,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் உன் நினைவுப் பூசைக்குப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே "பிரிவால் வாடும் குடும்பத்தார்" என்று அச்சடித்தோம். வாடியது உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் நீ சட்டைக் காலர் பட்டனைத் தவறான துளையில் மாட்டியிருந்தாய். அதைக் கவனிக்காத குடும்பம் எந்த அளவுக்கு வாடியிருக்கும் என்று ஊரில் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

இந்த வருஷம் படம் வேண்டாம், கடிதம் போதும் என்று முடிவு செய்தேன். பிறரும் படிப்பார்கள் என்பதால் வீட்டு விஷயங்களைக் கொஞ்சம் இஸ்திரி போட்டே எழுதுகிறேன். எழுத வேறொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் சிதம்பரத்தில், ஒரு பெண் டாக்டர் முன்னால், மைக்கில், உன்னைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். அது வேறு யார் மூலமாவது உனக்கு வந்து சேர்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து உன் தங்கச்சி பிலோவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயிலில் பாட்டுக்குழு நிற்கும் மாடி உனக்குத் தெரியும். மரப்படி ஏறிப் போக வேண்டும். பாதிப் படியில் நின்றுவிடுவாள். கேட்டால், "புதுச் சாமியாரு வந்து படிய ஒசத்திக் கட்டிட்டாருங்க" என்பாள். புதுச் சாமியார் அந்தப் படியைத் தொட்டதுமில்லை, ஏறியதுமில்லை. கோயில் வளாகத்துத் தாவீது கூடத்துக்கு வெள்ளையடித்ததோடு அவருடைய கட்டடப் பணி முடிந்துவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டின் நடுவில், உயர்ந்த ஸ்வரத்துக்குப் போகாமல் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பதில் ஆர்மோனியம் மட்டும் தனியாக மேலே போய் வந்தது. வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. வெங்காயம் அரிந்தாள். குழம்பில் வெங்காயம் ஜாஸ்தியாக இருந்தது.

கடலூர் டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரலுக்குக் கீழே பாய் விரித்த மாதிரி ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம் என்று பள்ளியில் படித்தோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். அது இறங்கினால் காற்று உள்ளே வரும், ஏறினால் வெளியே போகும். பிலோவுக்கு வலது பக்கம் அது மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது உசுரோட இருக்கா, செயல் நின்னுபோச்சான்னு இந்தப் படத்துல தெரியாதுங்க. படம்னா நின்னுகிட்டுத்தான இருக்கும்?" என்றார். செயல் நின்றிருந்தால் சென்னைக்குப் போய், விலாப் பக்கம் திறந்து, தொங்கும் தசையை இழுத்து இறுக்கித் தைக்க வேண்டுமாம்.

"தெச்சிக்கலாம் டாக்டர். தெச்ச பெறகு பாட முடியுமா?" என்று கேட்டாள் உன் தங்கச்சி.

"பாட்டெல்லாம் அப்புறம் பாக்கலாம்மா" என்றார்.

ஒரு டாக்டர் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று, மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். பிலோவுக்கும் சொல்லித்தான் இருந்திருக்கிறாய் போல. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வெளியில் வைத்து அவள் என் கையைப் பிடிப்பது ரோடு தாண்டும்போது மட்டும்தான்.

அந்த டாக்டரே ஒரு வழியும் சொன்னார். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் கூடத்தில், நுரையீரல் எப்படி அசைகிறது, காற்று எந்தப் பகுதிக்குப் போகிறது, எந்தப் பகுதிக்குப் போகாமல் ஏமாற்றுகிறது என்று ஓடும் படமாக எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளையும் பார்க்கிறார்கள். போய் வாருங்கள் என்றார். போனோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு, புதுச்சத்திரத்திலிருந்து உட்கார்ந்துகொண்டு போனோம். அந்த ரோட்டைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. இன்னும் வேலை நடக்கிறது.

டாக்டரம்மா பெயர் கயல்விழி. சேத்தியாத்தோப்புப் பெண். நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். அந்த மெஷினைப் பார்த்தபோது உன் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட உன் எக்ஸ்ரே மெஷின் மாதிரியேதான் இருந்தது. நிற்க ஒரு இடம், நெஞ்சை ஒட்டி ஒரு பலகை, முதுகுக்குப் பின்னால் கதிர் வரும் குழாய். வித்தியாசம் ஒன்றுதான். உன் மெஷின் ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும். இது விடாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அத்தனை படத்தையும் சேர்த்து ஓட்டினால் நுரையீரல் விரிவதும் சுருங்குவதும் சினிமா மாதிரி தெரிகிறது. காற்று போகும் இடத்துக்கு கம்ப்யூட்டர் வண்ணம் பூசுகிறது.

மச்சான், ஒன்று கேட்க வேண்டும். உன் சர்வீஸ் முழுக்க மஞ்சக்குப்பத்தில் அந்த இருட்டறையில் நின்று, ஊரில் உள்ளவர்களையெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொன்னாய். நீ பார்த்த நுரையீரல் எல்லாம் நின்றுகொண்டிருந்தவை. "விட்டுடலாம்" என்று நீ சொன்ன பிறகு அது என்ன செய்கிறது என்று பார்க்க உனக்கு ஒரு நாளாவது ஆசையாக இருந்ததா? இருந்திருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய். நீ கேட்டதெல்லாம் சம்பளத்தோடு ஒரு நாள் லீவும், புளி தூக்கலான மீன் குழம்பும்தான்.

சரி. பிலோ நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நானும் டாக்டரம்மாவும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால். மெஷினை ஓட்டுபவர் ரபீக் என்று பரங்கிப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், நல்ல குரல்.

"அம்மா, சாதாரணமா மூச்சு விடுங்க" என்றார் மைக்கில்.

மெஷின் லேசாக உறுமியது. அவ்வளவுதான். உன் தங்கச்சி மூச்சை முழுசாக உள்ளே இழுத்து, தோளைத் தூக்கி, சிலையாக நின்றாள்.

"மூச்சு விடுங்கம்மா."

"விட்டுக்கினுதாங்க இருக்கேன்" என்று பல்லைக் கடித்தபடி பதில் வந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ரெண்டு பக்கமுமே அசையல. ரபீக் அண்ணே, படம் ஓடுதா, நின்னுடுச்சா?"

"ஓடுது மேடம். அதோ இதயம் துடிக்குது பாருங்க."

பார்த்தேன் மச்சான். உன் தங்கச்சியின் இதயம். கறுப்பு வெள்ளையில், கைக்குட்டைக்குள் பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி அது துடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்றவையெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். அது அபூர்வம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

மறுபடி எடுத்தார்கள். மெஷின் உறுமியதும் மறுபடி இழுத்துப் பிடித்தாள். மூக்கை உறிஞ்சச் சொன்னார்கள். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் உறிஞ்சினாள். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கமும் அசைந்த மாதிரித் தெரியவில்லை. பாடச் சொன்னால் மூச்சு வருமே என்று டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை.

"சுதி இல்லாம நான் பாட மாட்டேங்க" என்று பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள் பிலோ. ஸ்கேன் கூடத்தில் ஆர்மோனியம் இல்லை. அது அவர்களுடைய குறைதான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "சார், இவுங்க வீட்ல யாராவது எக்ஸ்ரே டிபார்ட்மெண்ட்ல இருந்தாங்களா?"

"இவுங்க அண்ணன்."

"அதான்" என்றாள்.

ரபீக் சிரித்தார். "நம்ம வீட்லயும் அப்டித்தான் மேடம். மிக்ஸி போட்டா என் சம்சாரம் மூச்சப் புடிச்சிக்கும். சட்னி அரையறதுக்குள்ள மொகம் செவந்துடும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டில் யாரைப் பார்த்தாலும் "மூச்ச இழு... புடி... அப்டியே இரு" என்று பழகிக்கொண்டிருந்தாய். அந்தச் சமயம் பார்த்து பிலோவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மாதக் கணக்கில் அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தாய். அது போதாதென்று கல்யாணம் காட்சியில் கேமராவைக் கையில் எடுத்தாலும் உன் வாயில் அதே வார்த்தைதான். எங்கள் கல்யாண ஆல்பத்தில் இரு வீட்டாரும் மார்பைத் தூக்கி, கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கிறோம். பார்ப்பவர்கள், நாங்கள் எல்லாரும் போலீஸ் குடும்பம் என்று நினைக்கிறார்கள். தேவனாம்பட்டினத்து மீன்காரர்கள் உன்னிடம் வந்தால் யார் அதிக நேரம் பிடிக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவார்கள் என்றும், ஒரு தடவை நீ "விட்டுடலாம்" சொல்ல மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. நீ கடைசி வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

ஆக, மெஷின் சத்தம் கேட்டால் உன் தங்கச்சி உடம்பு உனக்குத்தான் கீழ்ப்படிகிறது. உலகத்தில் எந்த டாக்டர் சொன்னாலும் சரி, நீ "விட்டுடலாம்" என்று சொல்லாமல் அவள் விடுவதாக இல்லை. நீயோ சொல்லும் நிலையில் இல்லை.

டாக்டரம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இன்னும் ஒரு தடவைதான் சார் எடுக்கலாம். அதுக்கு மேல கதிர் ஜாஸ்தி ஆயிடும். இதுலயும் தெரியலன்னா, செயல் நின்னுடுச்சின்னு வெச்சிக்கிட்டுத்தான் சென்னைல பேசுவாங்க."

அசைகிற ஒன்றை அசையவில்லை என்று நினைத்துக் கிழித்துத் தைத்துவிடுவார்களோ? உண்மையிலேயே அசையாமல் இருந்தால்? இரண்டில் எது என்று தெரியாமலே அவளை ரயில் ஏற்ற வேண்டுமா?

"அவுங்க பேசினா மூச்சு விட்டுத்தான சார் ஆகணும்? இங்க வந்ததுலேருந்து கவனிச்சேன், பேசும்போது நல்லாத்தான் விடறாங்க. ஏதாவது நீளமா பேச வைங்க" என்றாள் டாக்டரம்மா.

மைக் என் கைக்கு வந்தது. நான் யோசித்தேன். இத்தனை வருஷக் குடும்ப அனுபவத்தில், பிலோ எதற்கு நீளமாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். புகழ்ந்தால் பேச மாட்டாள். விசாரித்தால் ஒரு வார்த்தையில் முடிப்பாள். அவளைத் திட்டினால் கூட பேச மாட்டாள், அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரத்தை வைத்துப் பேசுவாள். அங்கே பாத்திரமும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. மன்னித்துக்கொள் மச்சான்.

"பிலோ, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். "உங்க அண்ணன் சவரி எடுத்த எக்ஸ்ரே பாதிக்கு மேல கோணல். மஞ்சக்குப்பத்துல அல்லாருக்கும் தெரியும். பாவம், பெரிய மனுசன்னு யாரும் வெளிய சொல்றதில்ல."

டாக்டரம்மா கையைக் காட்டினாள். மெஷின் உறுமியது.

"யாரு? எங்கண்ணனா?"

"திரும்பாதீங்கம்மா, அப்டியே பேசுங்க" என்றார் ரபீக்.

"எங்கண்ணன் எடுத்த படம் கோணலா? டாக்டருங்க பேரு பாக்காமயே இது சவரி எடுத்த படம்னு சொல்வாங்க, தெரியுமா உனக்கு? நீ எடுத்த போட்டோல ஒண்ணுத்துலயாவது மனுசனுக்குத் தல இருக்குதா? நீ வந்துட்டே எங்கண்ணன சொல்ல!"

கோபம் வந்தால் 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவள் பலகையைக் கட்டிப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமலேயே என்னைத் திட்டினாள். கல்யாண வாழ்க்கையில் அது எனக்குப் புது அனுபவம்.

"மார்கழி மாசத்துல எக்ஸ்ரே பிளேட்டு சில்லுன்னு இருக்கும்னு, கைக்கொழந்த வந்தா உள்ளங்கையாலத் தேச்சித் தேச்சி சூடு பண்ணிக் குடுப்பாரு. எவன் செய்வான்? கூச்சப்படற பொம்பளைங்கள ஒரு வார்த்த பேசாம எடுத்து அனுப்புவாரு. எனக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டப்ப, எதுத்த காத்துல சைக்கிளு மிதிச்சி மிதிச்சி... அவருக்கு எளைச்சிது, எனக்கு எளைக்கல! அவரப் போயி..."

நான் அவள் பேச்சைக் கேட்டேனா, திரையைப் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. திரையில் இடது பக்கத்துத் தசை, அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் இறங்கிற்று. வாக்கியம் முடிய முடிய ஏறிற்று. வலது பக்கம் சும்மா இருந்தது. "எவன் செய்வான்" வரை சும்மாவே இருந்தது. டாக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அப்புறம் சைக்கிள் வந்தது. பெரிய மூச்சாக இழுத்தாள். வலது பக்கமும் இறங்கியது மச்சான். பிரசங்கம் முடிந்த பிறகு கோயிலுக்குள் வருகிறவர்கள் மாதிரி, தாமதமாக, தலையைக் குனிந்துகொண்டு, ஓரமாக. ஆனால் வந்தது. அடுத்த மூச்சுக்கும் வந்தது.

"அசையுது!" என்றாள் டாக்டரம்மா. "போதும் அண்ணே, நிறுத்துங்க."

மெஷின் நின்றது. பிலோ நிற்கவில்லை. உன் புகழ் இன்னும் கொஞ்ச நேரம் கதிர் இல்லாமலேயே தொடர்ந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் வண்ணம் பூசிக் காட்டினார்கள். இடது பக்கம் வண்ணம் தளும்பியது. வலது பக்கம் மேலே நல்ல வண்ணம், அடியில் மட்டும் வெளுப்பு. டாக்டரம்மா விளக்கினாள்: சின்ன வயதில் நீர் கோத்த இடத்தில் பழைய தழும்பு, அதில் தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் வந்த சளிக்குப் பிறகு அவள் பயந்து பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டதில் அது இன்னும் சோம்பேறியாகிவிட்டது. செயல் போகவில்லை. தையல் வேண்டாம், சென்னை வேண்டாம். தினமும் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். பாடலாம். பாடத்தான் வேண்டும்.

பிலோ அதைக் கேட்டுக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்து, டாக்டரம்மாவிடம், "எங்கண்ணன் படம் கோணலா இருக்காதுங்க மேடம்" என்றாள். "தெரியுதும்மா" என்றாள் அந்தப் பெண், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நல்ல டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. பி.முட்லூரில் பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், தின்றாள், பேசவில்லை. புதுச்சத்திரம் தாண்டிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நெசமாவே கோணலா எடுப்பாரா?"

"ஒண்ணு கூட இல்ல பிலோ."

"அப்ப ஏன் அப்டிச் சொன்னீங்க?"

"நீ மூச்சு விடறதுக்குத்தான்."

"மூச்சு எனக்கு விடத் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் இருந்திருந்தா அந்த மெசினப் பாத்து அங்கயே பாய் போட்டுப் படுத்திருப்பாரு" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை கேட்டபோதும் கண்ணை எடுக்காமலேயே காசை நீட்டினேன்.

இப்போது வீட்டு நிலவரம். பயிற்சிக்கு என்று மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்தார்கள். உறிஞ்சினால் உருண்டை மேலே ஏற வேண்டும். பிலோ அதை நன்றாகத் துடைத்து ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் அது ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்து விலை கேட்கிறார்கள். உறிஞ்சுவதாகத் தெரியவில்லை. நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா போனில் சொன்னாள். சாமியாரும் சொன்னார். நடக்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் தொடர வேண்டியதாகிவிட்டது. காலையில் காப்பி குடித்ததும் உன்னைப் பற்றி ஏதாவது குறை சொல்கிறேன். நீ சைக்கிளுக்கு எண்ணெய் போட மாட்டாய் என்றேன். தெரு முனை வரை கேட்கும்படி பதில் வந்தது. உனக்கு நண்டு உடைக்கத் தெரியாது என்றேன். அன்றைக்கு இரண்டு நாள் பயிற்சியும் சேர்ந்தே முடிந்தது. போன ஞாயிறு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிப் போய், காணிக்கைப் பாட்டில் அந்த உயர்ந்த ஸ்வரத்தை எட்டிப் பிடித்தாள். கொஞ்சம் உரசியது. ஆனால் ஆர்மோனியம் தனியாகப் போகவில்லை. கீழே பெஞ்சில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கஷ்டம் ஒன்றுதான் மச்சான். இதை நான் ஆரம்பித்தபோது, கூடவே படித்தவன், கூடவே திரிந்தவன், உன் குறைகளைச் சொல்ல எனக்கு ஆயுசு போதாது என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்திலேயே கை வறண்டுவிட்டது. நேற்று காலையில் காப்பி ஆறும் வரை உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவள் வாசலில் நின்று, "என்ன, இன்னிக்கி ஒண்ணும் சொல்லல?" என்று கேட்கிறாள்.

இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இல்லாத குறையை இட்டுக்கட்டியாவது தினம் ஒன்று சொல்வேன். நீ அங்கே கோபித்துக்கொள்ளாதே. உன் தங்கச்சி நெஞ்சு நிறைய மூச்சு விடுவாள்.

உன்னை இனி ஆயுசு முழுக்கப் பழி சொல்லப் போகிற,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
இன்னாசி
கடலூர் ஓ.டி.